சாஃப்ட்வேர் இரவல்... சத்தம் சொந்தம்!

"பாஸ், எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?"

டான்ஸ் மியூசிக் பண்ணணும் என்று ஆசைப்படும் எந்த காலேஜ் ஸ்டூடன்ட்டும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். கேன்டீனில் கேட்பீர்கள், ஹாஸ்டல் மாடியில் கேட்பீர்கள், செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரிகூடக் கேட்பீர்கள். எஃப்.எல். ஸ்டுடியோவா, ஏபிள்டனா, ரீப்பரா என்று மூணு மாசம் பட்டிமன்றம் நடக்கும். தீர்ப்பு வருவதற்குள் ஆசை ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிடும். பாட்டு? அது மட்டும் வராது.

இந்த வாரம் அந்தப் பட்டிமன்றத்தை முடித்து வைத்துவிடலாம். அதற்கு ஏ.சி. போட்ட ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம். சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காட்டுக்கு வாங்க. பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் ஏரி... சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. நடுவில் வீடு, வலை, படகு, கலங்கரை விளக்கம்.

நீங்கள் அந்தக் குப்பத்துப் பையன், அல்லது பொண்ணு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பஸ் பிடித்து பொன்னேரி அரசு கல்லூரிக்குப் போகிறீர்கள். வீட்டில் ஒரு பழைய லேப்டாப், கையில் ஒரு போன், காதில் ஒரு சாதா இயர்போன். ஆசை என்னவோ, திருவிழா ராத்திரியில் மொத்தக் குப்பத்தையும் உங்கள் பாட்டுக்கு ஆட வைக்க வேண்டும் என்பது.

நடக்குமா? தாராளமாக நடக்கும். உங்கள் ஊர் தேனியோ திருவாரூரோ, கதை இதேதான். குப்பத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

கிடைத்த பெட்டி போதும்!

சாஃப்ட்வேருக்குள் போவதற்கு முன்னால் இரண்டு பேரைப் பார்த்துவிடலாம். இரண்டு பேர் கையிலும் இருந்தது கடையில் கிடைக்கிற பெட்டிதான்.

முதல் ஆள், சரண்ஜித் சிங். மும்பையில் இந்தி சினிமா பாட்டுகளுக்கு வாசித்துக் கொண்டிருந்த இசைக்கலைஞர். 1982-ல் 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு ரிக்கார்டு போட்டார். ரோலண்ட் கம்பெனியின் மூன்று மெஷின்கள்... ஜூபிடர்-8 என்ற கீபோர்டு, டி.ஆர்.-808 என்ற டிரம் பெட்டி, டி.பி.-303 என்ற பேஸ் பெட்டி. இவற்றை வைத்துக்கொண்டு பைரவ், யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓட விட்டார். அன்றைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் அந்த ரிக்கார்டு மறுபடி வெளியானபோது உலகமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஏன்? அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற டான்ஸ் மியூசிக் வகையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987-ல். அதே டி.பி.-303 பெட்டியின் அதே நெளிகிற சத்தத்தை, அதற்கு அஞ்சு வருஷம் முன்னாடியே நம்ம ஆள் ராகத்தோடு சேர்த்து வாசித்து வைத்திருந்தார்!

இத்தனைக்கும் அந்த 303, தனியாக கிடார் பழகுகிறவர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த பெட்டி. அந்த வேலைக்கு அது சுத்தமாகப் போணியாகவில்லை. சில வருஷத்திலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் சிகாகோ பையன்கள் கைக்கே அது போனது.

இரண்டாவது ஆள், எம்.ஐ.ஏ. முழுப் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. லண்டனில் பிறந்து, சின்ன வயசில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்க்காலத்தில் அகதியாக லண்டன் திரும்பிய தமிழ்ப் பெண். படித்தது சினிமாவும் ஓவியமும். மியூசிக் கிளாஸ் பக்கமே போனவர் இல்லை. 2001-ல் ஒரு ராக் குழுவின் டூரை வீடியோ எடுக்கப் போனபோது, அதே மேடையில் பாடிய பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 பெட்டியைக் காட்டி, "நீயே பண்ணிப் பார்" என்றார். எம்.ஐ.ஏ. அந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கவில்லை. ராக் குழுவின் தோழியிடம் இரவல் வாங்கினார். கூடவே ஒரு பழைய நாலு டிராக் டேப் மெஷின், ஒரு மைக். இவ்வளவுதான். அதில் வந்த பாட்டுகளில் ஒன்று 'கலாங்'. 2003-ல் வெறும் 500 காப்பி போட்டார்கள். 2005-ல் அப்பா பேரில் 'அருளர்' ஆல்பம். 2007-ல் அம்மா பேரில் 'கலா'. அந்த இரண்டாவது ஆல்பத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து நம்ம உறுமி மேளத்தைப் பதிவு செய்து எடுத்துப் போனார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் ஆட்டம் போட வைப்பது அந்த உறுமிதான்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? பெட்டி யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது. உள்ளே போட்ட சரக்கு மட்டும் அவங்க அவங்களோடது. ஒருவருக்கு ராகம், இன்னொருவருக்கு உறுமி.

இதை மனசில் வைத்துக்கொண்டு இப்போது கடைக்குள் போகலாம்.

மூன்றே கேள்விகள்

சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: உங்களிடம் இருக்கிற மெஷின் எது?

ஆப்பிள் கம்ப்யூட்டரோ ஐபோனோ இருந்தால் 'கராஜ்பேண்ட்' இலவசம். யோசிக்கவே வேண்டாம், அதில் ஆரம்பியுங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் வழி நிறைய. தமிழக அரசு 2011-ல் தொடங்கி பிளஸ் டூ, காலேஜ் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ சும்மா கிடக்கிறதா? தூசி தட்டுங்கள். அதில் 'எல்.எம்.எம்.எஸ்.' ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் உண்டு, சல்லிக்காசு கேட்காது. லேப்டாப்பே இல்லை, போன்தான் இருக்கிறது என்றால் 'பேண்ட்லேப்'. அதுவும் இலவசமாகவே தொடங்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிற இடத்தில், நெட்டை நம்பி பிரவுசரில் ஓடும் வகையறாவைப் பிடித்துத் தொங்காதீர்கள். மெஷினுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதுதான் குப்பத்துக்குச் சரி.

இரண்டு: பாக்கெட்டில் எவ்வளவு?

'ரீப்பர்' 60 நாள் எல்லா வசதியோடும் ஓடும். தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். வின்ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன்மார்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அதைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் ரீப்பரையும் செய்தவர். குரல், கருவி என்று நேரடியாகப் பதிவு செய்கிறவர்களுக்கு ரீப்பர் கில்லி. எஃப்.எல். ஸ்டுடியோ, 1997-ல் பெல்ஜியத்தில் 'ஃப்ரூட்டிலூப்ஸ்' என்ற பெயரில் பிறந்தது. கட்டம் கட்டமாகத் தட்டி பீட் போடுவதற்கு இதைவிட சுலபமான வழி கம்மி. ஒருமுறை வாங்கினால் பிறகு வரும் புது வெர்ஷன்கள் ஆயுசுக்கும் இலவசம். வாங்காமல் டிரையல் ஓட்டலாம். என்ன ஒன்று, சேவ் செய்த ஃபைலை மறுபடி திறக்க முடியாது. ஆக, ஒரே உட்காரலில் பாட்டை முடிக்கிற பழக்கம் வரும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்! ஏபிள்டன் லைவ், மேடையில் நின்று அந்த இடத்திலேயே பாட்டை வெட்டி ஒட்டி வாசிக்க விரும்புகிறவர்களுக்கு. நல்ல ஆயுதம்தான், ஆனால் விலை கொஞ்சம் கடிக்கும்.

'கிராக்' பண்ணின காப்பி கிடைக்குதே என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. தர்ம நியாயத்தை விடுங்கள். உடைத்த சாஃப்ட்வேரோடு வைரஸும் உள்ளே வரும். பாட்டு முடிகிற நேரத்தில் அது தொங்கும். அந்த லேப்டாப்பில்தான் உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டும் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது பின்வாசல் எதற்கு?

மூன்று: பக்கத்தில் யாரிடம் எது இருக்கிறது?

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் இதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் தெருவிலோ கிளாஸிலோ ஒருத்தர் ஏற்கெனவே எஃப்.எல். ஓட்டுகிறார் என்றால், நீங்களும் அதையே எடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு "மச்சி, சத்தமே வர மாட்டேங்குது" என்று புலம்ப ஓர் ஆள் இருப்பது, நூறு வீடியோ பாடத்துக்குச் சமம்.

தீர்ப்பு? உங்கள் மெஷினில் இன்று ராத்திரியே திறக்கிற சாஃப்ட்வேர்தான் பெஸ்ட். ஒன்றைப் பிடித்தால் ஆறு மாசம் விடாதீர்கள். எல்லா சாஃப்ட்வேரும் செய்கிற அடிப்படை வேலை ஒன்றுதான். ஒன்றில் பழகியது இன்னொன்றில் வீணாகாது.

கிக்... கிக்... கிக்... கிக்...

சரி, திறந்தாச்சு. முன்னால் பதினாறு கட்டம் இருக்கிறது. என்ன செய்ய?

டான்ஸ் மியூசிக்கின் முதுகெலும்பு, நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. பி.பி.எம். என்பார்கள். ஹவுஸ் என்ற வகை சுமார் 120 முதல் 130. டிரம் அண்டு பேஸ் 170-ஐத் தொடும். 125-ல் வையுங்கள். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் கிக் டிரம். 5, 13-ல் கைதட்டல். 3, 7, 11, 15-ல் 'ட்ஸ்' என்ற ஹை-ஹாட். பிளே அழுத்துங்கள். உலகத்தின் பாதி டான்ஸ் கிளப் உங்கள் இயர்போனில் ஓடும்!

இப்போது இதைப் பண்ணுங்கள். பதினாறு கட்டத்தைப் பன்னிரண்டாக மாற்றி, ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரியுங்கள். கிக் 1, 4, 7, 10-ல். நடுவில் இருக்கிற கட்டங்களில் ஒரு தட்டல், ரெண்டு தட்டல் என்று தூவிப் பாருங்கள். கால் தானாக டப்பாங்குத்துக்குத் தயாராகிறதா? நம்ம குத்து பெரும்பாலும் மூன்றாகப் பிரிகிற நடை. சாஃப்ட்வேர்கள் நாலாகப் பிரிகிற நடையோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அதை மாற்றத் தெரியாமல்தான் பல பேர் பாட்டு வெளிநாட்டு பீட்டின் ஜெராக்ஸ் மாதிரி இருக்கிறது. மாற்றுவதற்கு ஆகும் நேரம் பத்து செகண்டு.

அடுத்து பேஸ். கிக்கும் பேஸும் ஒரே தாழ்ந்த ஸ்தாயியில் உட்காரப் பார்க்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் குழம்பிய சேறுதான். அதற்கு ஒரு தந்திரம், 'சைடுசெயின்'. கிக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் பேஸின் சத்தம் தானாகத் தாழ்ந்து, உடனே எழும்பும். பெரியவர் வந்தால் திண்ணையில் இருப்பவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அவர் போனதும் மறுபடி உட்கார்வதைப் போல. டான்ஸ் பாட்டில் ஒரு மூச்சு வாங்கல் கேட்குமே, அது இதனால்தான்.

லேப்டாப் ஸ்பீக்கரை மட்டும் நம்பி பேஸ் வைக்காதீர்கள். கிக்கின் அடிவயிறு இருக்கிற 50, 60 ஹெர்ட்ஸ் அதில் கேட்கவே கேட்காது. கேட்கலையே என்று நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள். திருவிழா ஸ்பீக்கரில் போட்டதும் வீட்டு ஓடு அதிரும். இயர்போனில் கேளுங்கள், அப்புறம் தெரிந்த அண்ணன் ஷேர் ஆட்டோவில் போட்டுக் கேளுங்கள்.

நீளக் கணக்கும் சுலபம். 128 பி.பி.எம்.-ல் நாலடி கொண்ட பதினாறு பார், அதாவது 64 அடி, சரியாக 30 செகண்டு. நாலு நிமிஷப் பாட்டுக்கு எட்டு துண்டு. பிடித்த டான்ஸ் பாட்டு ஒன்றை எடுத்து பேப்பரில் எட்டுக் கோடு போட்டு, எங்கே கிக் வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே எல்லாம் சேர்ந்து வெடிக்கிறது என்று குறியுங்கள். பாட்டின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும். அந்த எலும்புக்கூட்டில் உங்கள் சதையை வைத்துக் கட்டுங்கள்.

சதை எங்கே இருந்து வரும்? இதற்காகத்தான் உங்களைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஏரியும் கடலும் கொடுக்கிற சாம்பிள்

'சாம்பிள் பேக்' என்று காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். யாரோ எங்கேயோ தட்டின டிரம், யாரோ பாடின 'ஹே... ஹோ'. நீங்கள் வாங்கினால் அதே 'ஹே... ஹோ'வை உலகம் முழுக்க ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். உங்கள் வாசலில் இருப்பதை எந்தக் கடையும் விற்காது.

படகு இன்ஜினை எடுங்கள். ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 'டப்' என்று வெடிக்கும். நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடினால் 750 'டப்'. போனில் பதிவு செய்து, சாஃப்ட்வேரில் போட்டு, வேகத்தை ஆறில் ஒரு பங்காகக் குறையுங்கள். நிமிஷத்துக்கு 125. அட, நம்ம ஹவுஸ் வேகம்! நீங்கள் கிக் டிரம்மைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். அது கரையில் கட்டிக் கிடக்கிறது.

மீன் ஏலத்தில் விலையை ஏற்றிக்கொண்டே போகும் குரல். அதில் இரண்டு வார்த்தையை வெட்டி, திரும்பத் திரும்ப ஓட விட்டால் எந்த ராப் பாடகரும் தோற்றுப்போவார். கூடையில் நண்டு கீறுகிற சத்தம் ஹை-ஹாட். அலை பின்வாங்கும்போது வரும் 'ஷ்ஷ்ஷ்', பாட்டு வெடிப்பதற்கு முன்னால் வைக்கிற எழுச்சி.

எழுச்சி, வெடிப்பு என்றதும் இன்னொன்று. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். கரையில் எல்லாரும் வடக்கே பார்த்து நிற்பார்கள். ஏவுதளம் குப்பத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். நெருப்பு எழும்புவது உடனே தெரியும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர சுமார் மூணு செகண்டு. ஆக, ஒன்றரை நிமிஷம் மௌனமாக மேலே ஏறும் வெளிச்சம்... அப்புறம்தான் அடிவயிற்றில் அந்த உறுமல். வெளிநாட்டு டி.ஜே.க்கள் தலைகீழாக நின்று பழகும் 'பில்ட்-அப், டிராப்' இதுதான்! காத்திருக்க வைத்து அடிக்கிற கலையை உங்களுக்கு வானமே பாடம் நடத்துகிறது.

இப்போது கடைசி சாம்பிள். இதைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

துடுப்பு போடும்போதும், கரைவலை இழுக்கும்போதும் மீனவர்கள் பாடும் பாட்டு இருக்கிறதே, 'ஏலேலோ' என்று... நாட்டுப்புற இயல் புத்தகங்களில் அதற்கு 'அம்பா' என்று பெயர். ஒருவர் ஒரு வரி கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து எடுப்பார்கள். அந்தப் பாட்டு பொழுதுபோக்குக்காக வந்தது இல்லை. இருபது பேர் கை ஒரே நொடியில் இழுத்தால்தான் வலை வரும். ஒருத்தர் முந்தினால், ஒருத்தர் பிந்தினால் வேலை கெட்டது. அந்த இருபது உடம்பையும் ஒரே தாளத்தில் கட்டுவதுதான் பாட்டின் வேலை.

யோசித்துப் பாருங்கள். டான்ஸ் மியூசிக்கின் வேலையும் அதுதானே? இருட்டில் நிற்கிற முந்நூறு பேரை ஒரே நொடியில் குதிக்க வைப்பதற்குத்தானே அந்த கிக்? பெர்லின் கிளப்காரர்கள் மெஷினை வைத்துச் செய்வதை உங்கள் தாத்தா வெறும் தொண்டையை வைத்துச் செய்திருக்கிறார்.

இன்ஜின் வந்தது, துடுப்புக்கு வேலை குறைந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகு பிடித்தது. இன்ஜின் படகில் ஒருவர் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அம்பா பாட்டை யாரும் தடை செய்யவில்லை. அதற்கு வேலை போய்விட்டது. வேலை போன பாட்டு, அதைப் பாடினவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும். அந்த ஞாபகத்துக்கு இப்போது எழுபது, எண்பது வயசு.

அதனால்தான் சொல்கிறேன், எந்த சாஃப்ட்வேர் என்று மூணு மாசம் பட்டிமன்றம் நடத்த நேரம் கிடையாது.

பதிவு செய்ய போன் போதும். காற்றுக்கு முதுகு காட்டி, ஒரு சுவர் ஓரமாக உட்கார வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் கால் வந்து கெடுக்கும். வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். சத்தமான இடத்தில் ரிக்கார்டிங் சிவப்பைத் தொட்டால் தூரம் போங்கள். உடைந்த சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் ஒட்ட வைக்காது. முதலில் தாளம், கீளம் எதுவும் சொல்லாமல் அவர் இஷ்டத்துக்குப் பாடட்டும். மூச்சு, இருமல், சிரிப்பு எல்லாம் இருக்கட்டும். அந்த முழு ரிக்கார்டிங்கை வெட்டாமல் ஒரு காப்பி தனியாக, இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் இன்னொரு காப்பியில் கத்தரியை வையுங்கள்.

பேரைப் போடுங்க!

ஒரு முக்கியமான விஷயம். தாத்தா குரல் என்றாலும் கேட்காமல் எடுக்காதீர்கள். "இதை வெட்டி, டிரம் சேர்த்து, ஸ்பீக்கரில் போடப் போறேன் தாத்தா, சரியா?" என்று கேளுங்கள். போட்டுக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், பாட்டுக்குக் கீழே உங்கள் பேருக்குப் பக்கத்தில் அவர் பேரையும் அதே சைஸில் போடுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள்.

2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கும். தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன். அறிவு தன் பாட்டி வழியாகக் கேட்ட தேயிலைத் தோட்ட வாழ்க்கையிலிருந்து எழுதிய பாட்டு. உலகம் பூரா ஆடியது. அதே வருஷமே அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பேர், யார் படம் அட்டையில் வர வேண்டும் என்று நாடு முழுக்க விவாதமும் நடந்தது. பாட்டு பெரிதானால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். சின்னதாக இருக்கும்போதே பதிலை எழுதி வைத்துக்கொண்டால் உறவும் தப்பும், பாட்டும் தப்பும்.

நாலு வாரக் கணக்கு

இவ்வளவையும் கேட்டு மலைத்துப் போக வேண்டாம். நாலு வாரமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: வெறும் டிரம். தினமும் அரை மணி நேரம். ஒரு நாள் பதினாறு கட்டம், மறுநாள் பன்னிரண்டு கட்டம். வேறு எந்த பட்டனையும் தொடாதீர்கள்.

இரண்டாவது வாரம்: பேஸ். இரண்டே ஸ்வரத்தில். சைடுசெயினைப் பழகுங்கள். எஃபெக்ட் மெனுவைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், அது எங்கேயும் போகாது.

மூன்றாவது வாரம்: போனை எடுத்துக்கொண்டு வெளியே. இன்ஜின், ஏலம், அலை, முடிந்தால் ஒரு குரல். அஞ்சு சத்தம் போதும். ஒவ்வொன்றுக்கும் பேர், இடம், தேதி போட்டு சேவ் பண்ணுங்கள்.

நான்காவது வாரம்: எட்டுக் கோடு எலும்புக்கூட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, முடியுங்கள். நல்லா வந்தாலும் வராவிட்டாலும் முடியுங்கள். பாதியில் நிற்கிற முப்பது பாட்டைவிட, முடிந்த ஒரு சுமார் பாட்டு நிறைய சொல்லிக்கொடுக்கும். முதல் பாட்டு சுமாராகத்தான் வரும். ஆறாவது பாட்டில் கை பேச ஆரம்பிக்கும்.

முடித்ததும் நெட்டில் ஏற்றி லைக் எண்ண உட்காராதீர்கள். முதல் ரசிகர்கள் குப்பத்திலேயே இருக்கிறார்கள். சாயங்காலம் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, எதுவும் சொல்லாமல் ஓட விடுங்கள். "நல்லாருக்குப்பா" என்று சொன்னால் அது மரியாதைக்கு. யாராவது ஒருத்தர் கை நிற்காமலே, தலையை நிமிர்த்தாமலே, அந்தத் தாளத்துக்கு வலைக்கண்ணைப் போட ஆரம்பித்தால்... நீங்கள் பாஸ்!

ஓகே, இந்த வார ஹோம்வொர்க் ஒன்றே ஒன்று. சாஃப்ட்வேரை ராத்திரி டவுன்லோடு பண்ணிக்கொள்ளலாம், அது அங்கேயேதான் இருக்கும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டில், தெருவில், ஊரில் வேலை செய்துகொண்டே பாடத் தெரிந்த ஒருத்தரைக் கண்டுபிடியுங்கள். மீன்பிடி பாட்டாக இருக்க வேண்டும் என்றில்லை. நாத்து நட்டவர், ஏற்றம் இறைத்தவர், சுண்ணாம்பு இடித்தவர், தாலாட்டு பாடினவர், யாராக இருந்தாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்" என்று கேட்டு, போனில் சிவப்பு பட்டனை அழுத்துங்கள்.

அடுத்த வாரம், ஒத்தை மைக்கை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் ரூமை எப்படி ஸ்டுடியோ ஆக்குவது என்று பார்க்கலாம். போர்வை ரெண்டு ரெடியா வெச்சிருங்க!